வகுப்பறை ஒழுங்கு யாருக்குச் சொந்தம்?

பள்ளிக்கூடத்து வராந்தாவில் தலைமையாசிரியர் நடந்து போகிறார். சத்தம் கேட்கிற வகுப்பின் முன்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். சத்தம் கேட்காத வகுப்பை நல்ல வகுப்பு என்று எண்ணித் தாண்டிப் போகிறார். பார்வையிட வருகிற அதிகாரிக்கும் இதுதான் அளவுகோல். ‘அந்த வாத்தியார் வகுப்புல மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது’ என்று ஊரில் சொல்வது ஓர் ஆசிரியருக்குப் பெரிய பாராட்டு. அந்த அமைதி எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாடத்தில் மனம் போனதால் வந்த அமைதி உண்டு. பிரம்புக்குப் பயந்து வந்த அமைதி உண்டு. என்னை இங்கே யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டுவிட்ட பிள்ளையின் அமைதியும் உண்டு. வராந்தாவில் நின்று கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வகுப்பறை ஒழுங்கு என்பதை நாம் பி.எட். கல்லூரிக்காரர்களின் பாடம் என்று விட்டுவிட்டோம். அது நம்முடைய கேள்வியும்கூட. நம்ம புள்ளைங்க பள்ளியில் தங்குவதும் நின்றுபோவதும் பல நேரம் பாடத்தின் கடினத்தால் முடிவாவதில்லை. எங்கே உட்கார வைத்தார்கள், யார் முன்னால் திட்டினார்கள், எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பவற்றால் முடிவாகிறது. ஒழுங்கு என்கிற பெயரில் நடக்கிற இந்தக் காரியங்கள் அறத்தின் எல்லைக்குள் வருகின்றனவா என்று கேட்டாக வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று நம் அப்பா அம்மாக்களின் குரல். ‘கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார், எம்புள்ள படிச்சா போதும்.’ நிலம் கிடையாது, தொழில் கிடையாது, படிப்பு ஒன்றுதான் பிள்ளையைக் கரையேற்றும் என்று நம்புகிறவர்கள் ஆசிரியர் கையில் உடம்பையே ஒப்படைக்கிற பேச்சு இது. அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன்.

இன்னொன்று நம் தோழர்களின் குரல். பள்ளிக்கூடமே ஒரு சிறை, ஒழுங்கு என்பது ஆதிக்கத்தின் இன்னொரு பெயர், பிள்ளைகளைச் சும்மா விடுங்கள் என்கிறது அது. 1975-இல் ஃபூக்கோ எழுதிய நூல் சிறை, படைமுகாம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் உடம்புகளை அடுக்கிக் கண்காணிக்கிற ஒரே உத்தியில் இயங்குவதைக் காட்டியது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் இதை விரிவாகப் பேசின. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒழுங்கே இல்லாத வகுப்பில் என்ன நடக்கிறது? சத்தத்தில் பாடம் நடக்காது. வசதியான பிள்ளை சாயங்காலம் டியூஷன் போய் அதைப் பிடித்துக்கொள்ளும். நம்ம புள்ளைக்கு அந்த நாற்பது நிமிஷத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. எனவே குழப்பத்தை விடுதலை என்று நாம் கொண்டாட முடியாது. குழப்பத்தில் முதலில் தோற்பது நம் பிள்ளை.

ஆக ஒழுங்கு வேண்டுமா வேண்டாமா என்பது நம் கேள்வி இல்லை. எந்த ஒழுங்கு, யாருக்காக என்பதுதான் கேள்வி.

சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம். ‘வகுப்பறை மேலாண்மை’ என்று இப்போது எழுதுகிறார்கள். மேல் நின்று ஆளுதல் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘வகுப்பு’ என்பதும் அப்பாவியான சொல் இல்லை. வகுத்தல் என்றால் பிரித்தல். ஐந்தாம் வகுப்பு என்கிறபோது படிக்கிற இடம். வகுப்புவாரி உரிமை, வகுப்புக் கலவரம் என்கிறபோது சாதியும் மதமும். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. நம் பள்ளிக்கூடங்களும் நெடுங்காலமாக இரண்டையும் சுமந்துதான் வந்திருக்கின்றன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1789 முதல் சில ஆண்டுகள் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். நம்மூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளைகளை வைத்தே இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையைத் தன் பள்ளியில் வளர்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அதற்குப் பெயர் வந்தது. லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையைப் பரப்பினார். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு மேய்க்கிற பள்ளிகள் இங்கிலாந்தில் பெருகின. ஃபூக்கோ தன் நூலில் பேசுவது இத்தகைய பள்ளிகளைப் பற்றியும்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை உலகத்து வகுப்பறை ஒழுங்குக்கு ஒரு மூலவர் என்று சொல்லலாம்.

தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நாம் நிறுத்த முடியாது. கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டம் என்கிற தண்டனை அந்தத் திண்ணையில் இருந்தது. அந்தத் தண்டனைகூட நம் பாட்டன் பூட்டனுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் திண்ணையில் ஏறவே விடவில்லை. அந்தப் பள்ளியின் முதல் ஒழுங்குவிதி, யார் ஏறக்கூடாது என்பது. 1894-இல் ஆல்காட் சென்னையில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி திறக்க வேண்டியிருந்தது என்றால் மற்றப் பள்ளிகளின் வாசல் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்.

வாசல் திறந்த பிறகு விதி உள்ளே வந்தது. சாத்தாராவில் படித்த பிள்ளை அம்பேத்கர் வீட்டிலிருந்து ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுபோய் மற்றவர்களிடமிருந்து தள்ளிப் போட்டு உட்கார வேண்டும், சாயங்காலம் அதைச் சுருட்டி எடுத்துவர வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். வகுப்பறை நிர்வாகத்தின் முதல் பாடம் இருக்கை ஏற்பாடு என்று இன்றைய புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் பாடத்தை இந்தியப் பள்ளி நமக்கு எப்போதோ நடத்திவிட்டது.

இனி ஆராய்ச்சிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜேகப் கூனின் என்கிற உளவியலாளர் ஒருநாள் தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவனைக் கண்டித்தார். அவனைத் திட்டியதில் மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவனைத் திட்டினால் எல்லோரும் திருந்துவார்களா, எப்படித் திட்டினால் திருந்துவார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வகுப்பறைகளில் கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்தார். 1970-இல் வந்த அவர் புத்தகத்தின் முடிவு அவருடைய தொடக்கத்துக்கே எதிரானது. நன்றாக நடக்கிற வகுப்புக்கும் கெட்டுப்போன வகுப்புக்கும், தவறு நடந்த பிறகு ஆசிரியர் கண்டிக்கிற விதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் தவறு நடப்பதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியருக்கு வகுப்பின் எல்லா மூலையிலும் கண் இருந்தது. அந்தக் கண் இருப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் நடப்பதையும் கவனித்தார்கள். பாடத்தை அறுத்து அறுத்து நிறுத்தாமல் கொண்டுபோனார்கள். வம்பைத் தொடங்கிய பிள்ளையைச் சரியாக அடையாளம் கண்டார்கள், கையில் சிக்கிய பிள்ளையைப் பிடிக்கவில்லை.

‘அடிச்சா தான் அடங்குவான்’ என்பதற்கு இதற்குப் பிறகு என்ன ஆதாரம் மிச்சம்? இதற்கும் முன்னால், 1930களின் கடைசியில், அயோவாவில் கர்ட் லெவினும் அவருடைய மாணவர்களும் பத்துப் பதினொரு வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து வேலை செய்ய வைத்தார்கள். ஒரு தலைவர் அதட்டி வேலை வாங்கினார், இன்னொருவர் கலந்து பேசி வேலை வாங்கினார். அதட்டுகிற தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் அவர் போன பிறகும் வேலை நடந்தது. நம் பள்ளிகளில் வாத்தியார் தலை மறைந்ததும் கரும்பலகையில் ‘பேசுபவர்கள்’ என்று எழுதிப் பெயர் வரிசை போடுகிற லீடரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரம்பு வெளியே போனதும் கூடவே வெளியே போய்விடுகிற ஒழுங்கு அது.

கூனின் சொல்கிற அந்தக் கண்ணிடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எல்லா மூலையிலும் பாய்கிற கண் எல்லாப் பிள்ளையின் மேலும் ஒரே மாதிரி விழுகிறதா? ஆடம்ஸ், பிடில் என்னும் இருவர் அதே 1970-இல் எழுதினார்கள்: ஆசிரியரோடு பேச்சுக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி முன்வரிசையிலும் நடுவரிசையிலும் இருக்கிற பிள்ளைகளோடுதான் நடக்கிறது. மூலையும் கடைசி பெஞ்சும் வெறும் பார்வையாளர்கள். நம் ஊர்களில் கடைசி பெஞ்சில் யார் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

மேரி பட் ரோ என்கிற அம்மையார் இன்னும் நுணுக்கமாக அளந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு வினாடி. நன்றாகப் படிக்கிறவர்கள் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி, மக்கு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வினாடிக்கும் குறைவு. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்கு நேரமே கிடைப்பதில்லை. மூன்று வினாடி பொறுத்துக் காத்திருக்க ஆசிரியர்களைப் பழக்கினார் அவர். பதில்கள் நீண்டன. வாயே திறக்காத பிள்ளைகள் பேசின. பிள்ளைகளை அதட்டி அடக்க வேண்டிய தேவையும் குறைந்தது. ஒழுங்குக்காக ஆசிரியர் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒரு வினாடி என்பது சின்ன விஷயம் என்று தோன்றும். ஒருநாளைக்கு எத்தனை கேள்வி, ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள், பத்து வருஷத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். ‘இவனுக்கு வராது, நீ சொல்லு’ என்று விரல் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறது. நம்மில் பாதிப்பேரின் பள்ளி வாழ்க்கை அந்த விரல் தாவலில்தான் முடிந்தது.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுமா என்று 1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குருட்டாம்போக்கில் பொறுக்கிய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை ‘இவர்கள் இந்த வருஷம் நன்றாக வளர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். வருஷக் கடைசியில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். இந்தச் சோதனையின் அளவைகளைப் பலர் பிற்பாடு கடுமையாக விமர்சித்தார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். நமக்கு இன்னும் நெருக்கமான சோதனைகள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களைப் புதிர்ப்பாதைகள் போட வைத்தார்கள். 2006-இல் முடிவுகள் அச்சாயின. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் ஆதிக்க சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே போட்டார்கள். பேரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் படித்ததும் தலித் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. மூளை அதே மூளை, கை அதே கை, பக்கத்திலிருந்த பையன்களும் அவர்களேதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு வாக்கியம் காதில் விழுகிறது. ‘எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க.’ நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் உதவித்தொகைப் படிவத்துக்காக இப்படிச் சொல்லி எண்ணுவார்கள். எழுந்து நிற்போம். விரலால் எண்ணுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கி நம்மைப் புதிதாகப் பார்ப்பான். அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அது ஒரு நிர்வாக வேலை. படிவத்தைப் பையனின் கையில் தனியாகக் கொடுத்திருந்தால் அந்த வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். வகுப்பின் அன்றாட நடைமுறைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் குழப்பம் வராது என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்கிறார்கள். சரிதான். நடைமுறையே சாதியை உரக்கப் படிக்கிறதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் புதிர்ப்பாதைகள் சாட்சி.

இன்னொரு ஆய்வு நமக்குக் கசக்கும். ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் பிள்ளைகளின் தேர்வுத்தாள்களின் முகப்பில் சாதி, வயது, பால் ஆகியவற்றைக் குருட்டாம்போக்கில் மாற்றி எழுதி ஆசிரியர்களைத் திருத்த வைத்தார்கள். 2012-இல் வெளிவந்தது. ‘தாழ்ந்த சாதி’ என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே ஒடுக்கப்பட்ட பிரிவுகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். மேல்சாதி ஆசிரியர்களிடம் அந்தப் பாகுபாடு அந்தச் சோதனையில் தென்படவில்லை.

இதை மறைத்துவிட்டு எழுதினால் நாம் அறம் பேச முடியாது. நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நீதி தானாக வந்துவிடும் என்று நாம் நம்பினோம். இழிவு பிறர் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, நமக்குள்ளும் இறங்கி உட்கார்ந்துகொண்டு நம் கையைப் பிடித்து மதிப்பெண் போடுகிறது என்பதை அம்பேத்கரைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடாது.

அந்த ஆசிரியரின் நிலைமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வகுப்பறை நிர்வாகப் புத்தகங்கள் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அதிகாரம் வந்துவிடும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பாக்கி. தலித் ஆசிரியருக்கு அது அப்படி வருவதில்லை. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது முதல்நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆதிக்க சாதிப் பையன் அவரைச் ‘சார்’ என்று கூப்பிடாமல் சமாளிப்பான். அவர் கண்டித்தால் மறுநாள் அப்பன் நாலு பேரோடு வாசலில் நிற்பான். அப்படிப்பட்டவர் யாரைக் கண்டிப்பார்? கேட்க ஆள் இல்லாத பிள்ளையைத்தான். நம் ஆசிரியரின் பிரம்பும் நம் பிள்ளையின் முதுகைத் தேடி வருகிற சூட்சுமம் இதில் இருக்கிறது. இது அந்த ஆசிரியருக்கு மன்னிப்பாகாது. அவரைத் தனியாள் ஆக்கிவிட்டு ஒழுங்கை மட்டும் அவரிடம் கேட்கிற நிர்வாகத்தின் மேல் இது குற்றச்சாட்டு.

வேலைப் பங்கீட்டையும் இதே கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுத்தால் வகுப்பு தங்களுடையது என்று உணர்வார்கள் என்பது நல்ல யோசனை. ஒருவர் கரும்பலகை துடைக்கலாம், ஒருவர் நோட்டுகளை அடுக்கலாம், ஒருவர் பெருக்கலாம். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997-இல் வந்தது. பள்ளிக்கூடம் முழுவதையும் நாள்கணக்கில் பெருக்க வைக்கப்பட்ட சிறுவன் அதில் இருக்கிறான். அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2022-ஐ நினைவூட்டுகிறேன். ஈரோடு மாவட்டம் பெருந்துறை ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். பொறுப்புக் கொடுப்பது உத்தி. யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதில் அறம் இருக்கிறது. துடைப்பம் எல்லாக் கைக்கும் முறைவைத்துப் போகாத பள்ளியில் அந்த உத்தி மனுதர்மத்துக்குப் புதுப்பெயர்.

இங்கிருந்து இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கு வரலாம். ஒழுங்கும் நீதியும் மோதினால் எதை விடுவது?

அம்பேத்கர் பம்பாயில் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்ததாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் சொல்கிறார். ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். உடனே வகுப்பில் கூச்சல். கரும்பலகைக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடும் என்று ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள், அப்புறம்தான் அவர் கரும்பலகையைத் தொட முடிந்தது. வராந்தாவில் நின்ற தலைமையாசிரியருக்கு என்ன கேட்டிருக்கும்? சத்தம். அந்தப் பையனைக் கூப்பிடாமலே விட்டிருந்தால் வகுப்பு அமைதியாக இருந்திருக்கும். அந்த அமைதியை ஒழுங்கு என்று கூப்பிட முடியுமா?

இன்றைக்கும் இதே வாதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு முன்னாள் நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக்கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராக வைக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. ‘அப்படியெல்லாம் கலந்து உட்கார வெச்சா சண்டை வரும் சார், இப்ப அமைதியாத்தானே போய்ட்டிருக்கு’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கயிறுகளுக்கு எதிராக 2019-இல் சுற்றறிக்கை வந்தபோதும் எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது.

அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றால், யார் எதை விழுங்கிக்கொண்டதால் அமைதி? 1995-இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் ஒரு தலித் சிறுமி பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஆசிரியர் அடித்ததில் ஒரு கண்ணில் பார்வை போனது. அந்த ஆசிரியரும் ஒரு விதியைத்தான் காப்பாற்றினார். பானை யாருக்கு என்கிற விதி. அது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதற்கு அடங்கியிருந்தார்கள், பள்ளி அமைதியாக இருந்தது. கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்ன நம் அப்பா அம்மாக்களின் அந்த ஒரு வேண்டுகோளைக்கூட அந்தப் பள்ளி காப்பாற்றவில்லை.

ஆகவே நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஒழுங்கு என்பது பிள்ளை ஆசிரியருக்குக் கட்டுகிற வரி இல்லை. ஆசிரியர் பிள்ளைக்குத் தர வேண்டிய கடன். பயமில்லாமல் கேட்க, யோசிக்க, தப்பாகச் சொல்லி மறுபடி சொல்ல ஓர் இடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டாக்கித் தருவதற்குப் பெயர்தான் ஒழுங்கு. ஒரு பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை என்றாலும் அந்த வகுப்பு ஒழுங்கான வகுப்பு இல்லை, எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டாக்குவதற்காகக் கொஞ்ச நாள் கூச்சல் வந்தால் அந்தக் கூச்சலைத் தாங்குவதும் ஆசிரியரின் கடமை.

‘அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாதுன்னா நாங்க என்னதான் செய்யறது?’ என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடம்புத் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பைப் பிடுங்கிக்கொண்ட அரசு கையில் வேறு என்ன கொடுத்தது என்பது நியாயமான கேள்வி. தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று அதே சட்டம் சொல்கிறது. இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே ஆள் சேர்த்து மேய்க்கிற பள்ளிகளில் கூனினின் கண் எத்தனை பக்கம் பாயும்? பயிற்சியும் ஆளும் கொடுக்காமல் ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் மூன்று வினாடி காத்திருக்கப் பணம் தேவையில்லை. படிவத்தைத் தனியாகக் கொடுக்க அரசாணை தேவையில்லை.

எங்கள் சேரியில் மன்றத்துக் கட்டடத்தில் ஒரு மாலைப்பள்ளி நடக்கிறது. நாற்பது பிள்ளைகள் வரும், ஒரே கூடம், இரண்டு டியூப்லைட். கல்லூரி போகிற பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் நாங்கள் மூன்று பேரும் முறைவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பிரம்பு கிடையாது. பிள்ளைகளே பேசி நாலு விதி போட்டுக்கொண்டார்கள். அதில் ஒன்று, ‘தப்பாச் சொன்னவங்களப் பாத்துச் சிரிக்கக் கூடாது.’ வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராக, அன்றைக்குக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஒரு புள்ளி வைப்போம். புள்ளி விழாத பெயரை மறுநாள் முதலில் கூப்பிட வேண்டும். பாய் போடுவதும் பெருக்குவதும் வரிசைக்கிரமம், சொல்லிக்கொடுக்கிறவர்களும் அதில் உண்டு. சத்தம் இருக்கும். தெருவில் போகிற பெரியவர்கள் ‘என்னா தம்பி, சந்தக்கடையா வெச்சிருக்க?’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் மின்சாரம் போய் இருட்டானாலும் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்துவதில்லை.

இதைப் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. சேரிக்குள் நாற்பது பிள்ளைகளை வைத்துச் செய்வது சுலபம், ஊரும் சேரியும் சேர்ந்து உட்காருகிற அரசுப் பள்ளியில் செய்வதுதான் கஷ்டம். அங்கேதான் செய்தாக வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்கள் உறுப்பினர்கள். நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் நாலு கேள்வியைக் கேளுங்கள். எம்புள்ள எந்த வரிசையில உக்காருது, அந்த இடம் மாறுதா? இந்த வாரம் அவளை எத்தனை தடவை கேள்வி கேட்டீங்க? துடைப்பம் யார் யார் கைக்குப் போவுது? உதவித்தொகைக்கு எல்லார் முன்னாலயும் எழுப்பி நிக்க வெக்கிறீங்களா? கேட்கிறபோது ‘சார்’ என்று மரியாதையாகவே கேளுங்கள், பதில் வருகிறவரை உட்கார்ந்திருங்கள். ‘கண்ண விட்டுட்டு அடிங்க’ என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். படிப்புக்காக நம் பிள்ளையின் உடம்பை யாரிடமும் அடகு வைக்க வேண்டியதில்லை.